மேஸ்திரி இல்லாத தொட்டி

தொட்டியின் மூலையில் மேஸ்திரி ஒடுங்கிக் கிடந்தான். வாலில் புதிதாக ஒரு கிழிசல்.

"கட்டின புருஷனை எப்படி அடிக்கிறா பாரு," என்று வெல்டர் பல்லைக் கடித்தார்.

மேஸ்திரி ஒரு மீன். குள்ள சிக்லிட் வகை, ஆண். விரல் நீளம்தான். ஆனால் நீலமும் சிவப்புமாகத் துடுப்பை விரித்து எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். அடித்தவள் அவன் ஜோடி, அவனில் பாதிதான் இருப்பாள். கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் முட்டை இட்டதும் உடம்பெல்லாம் மஞ்சளாகி, அவனைக் கிட்டவே அண்டவிடவில்லை. தொட்டியில் இன்னொரு பெண்ணும் இருந்தது. அழுக்கு நிறம், ஆள் சாது. முட்டையிடும் நேரத்தில் சட்டிக்குள் போய்ப் போய் வந்ததால் அதற்கு மருத்துவச்சி என்று பெயர் வைத்திருந்தார்.

முட்டை பொரிந்தே ஆகவேண்டும். வீட்டிலேயே குஞ்சு எடுத்தவருக்கு மட்டும்தான் மீன் வளர்ப்போர் சங்கத்தில் இடம். போன வருடம் கூட்டத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் நின்ற ஒருவர் இவர் கையைப் பார்த்துவிட்டு, "கேட்டைச் சரிபண்ண வந்தீங்களா?" என்றார். கேட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டார்.

முதலில் தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தார். மேஸ்திரி அதில் மடார் மடாரென்று முட்டினான். பயந்துபோன தாய், முட்டை மொத்தத்தையும் தானே தின்று தீர்த்தாள்.

தடுப்பை எடுத்துவிட்டு மேஸ்திரியைத் துணி துவைக்கும் பக்கெட்டுக்கு மாற்றினார். அவன் எகிறிக் குதித்தான். கட்டிலுக்கடியில் துள்ளிக்கொண்டிருந்தவனை வெல்டரின் மனைவிதான் முறத்தில் அள்ளினாள்.

"ஏங்க, இது வீடா, குளமா?"

"மூடி இல்லாததுதான் தப்பு."

மூடியுள்ள பாத்திரம் அந்த வீட்டில் ஒன்றுதான், அவளுடைய பெரிய சமையல் பானை. கண்ணாடி மூடி. காற்றுக் குழாய்க்காக அந்த மூடியில் ஓட்டையும் போட்டார்.

"நான் எதுல சமைக்கிறது? உங்க ஹெல்மெட்லயா?"

அன்றிலிருந்து அவள் சின்னச் சட்டியில் இரண்டு தடவை சமைத்தாள், இரண்டு தடவை திட்டினாள்.

இருபத்தைந்தாம் நாள் தாய் மறுபடி மஞ்சளானாள். சட்டிக்குள் செக்கச் செவேலென்று முட்டை. ஒன்பதாம் நாள் ஊசிமுனை போலக் குஞ்சுகள் அவள் பின்னால் ஊர்வலம் போயின. வெல்டர் எண்ணிப் பார்த்தார். அறுபதுக்கு மேல் கண் கலங்கிவிட்டது.

வெல்டரோடு ஒரே பட்டறையில் வேலை செய்யும் மைத்துனன் வந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, மேஸ்திரி ஒரு மாசமா பானைக்குள்ள கிடக்கான். தொட்டியில எப்படிக் குஞ்சு?"

"நம்ம பட்டறை மேஸ்திரி தினமும் வேலைக்கு வர்றாரா? ஒரு தடவை சொல்லிட்டுப் போனா ஒரு மாசத்துக்கு வேலை ஓடுதுல்ல?"

"வேலை ஓடுறது நம்மால, மாமா."

"போடா, பொறாமை பிடிச்சவனே."

உழைத்தவளுக்குக் குறை வைக்கக்கூடாது என்று மருத்துவச்சிக்கு மட்டும் ஒரு சிட்டிகை புழு கூடுதலாகப் போட்டார்.

சங்கத்திலிருந்து பல் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. தகப்பன் பானைக்குள் இருந்தால் கௌரவமா? சனிக்கிழமை காலையில் மேஸ்திரியைத் தொட்டியில் விட்டார். தாய் பாய்ந்த வேகத்தில் மிச்சமிருந்த வாலும் போயிற்று. ஐந்தே நிமிடத்தில் அவன் மறுபடி பானைக்குள்.

"பேசாம இவனுக்கு ரேஷன் கார்டுல பேர் சேர்த்துடுங்க," என்றாள் மனைவி.

டாக்டரம்மா வந்தார். இவர் நீட்டிய காய்ப்பு ஏறிய கையைப் பிடித்துக் குலுக்கினார். தொட்டிக்கு வெல்டரே பற்றவைத்த இரும்புத் தாங்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு பல் பார்க்கும் விளக்கைத் தொட்டிக்குள் அடித்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். வெல்டர் ஒவ்வொரு மீனாகப் பெயர் சொல்லிக் காட்டினார்.

"இந்த மீன்ல குஞ்சு எடுக்க எங்க சங்கத்துல பதினோரு பேர் முயற்சி பண்ணினோம். நானும்தான். ஒருத்தராலயும் முடியல. நீங்கதான் முதல் ஆள்."

வெல்டரின் மார்பு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு கைராசி அப்படிங்க," என்றாள். ஒரு மாதத்தில் அவள் திட்டாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

சங்கத்தில் சேரும் படிவத்தை வெல்டர் முன்பே நிரப்பி வைத்திருந்தார். தகப்பன் மீன் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'மேஸ்திரி'. பக்கத்தில் அடைப்புக்குள் 'பானையில் உள்ளவர்'.

டாக்டரம்மா அதைப் படித்தார். பானையைப் பார்த்தார். மறுபடி தொட்டிக்குள் விளக்கடித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை வெல்டரிடமே நீட்டினார்.

"இந்த ஒரு பேரை மட்டும் அடிச்சு மாத்தி எழுதுங்க. இந்த இனத்துல பொம்பளை மாதிரியே இருக்கற பொடி ஆம்பளையும் உண்டு. உங்க மருத்துவச்சிதான் அப்பன்."