துண்டு போட்ட நாற்காலி

அபுதாஹிரிடம் மூன்று டிக்கெட் இருந்தது. இரண்டு பக்கத்துப் பக்கத்து இடம். மூன்றாவது, கூடாரத்தைத் தாங்கும் கம்பத்துக்குப் பின்னால்.

"கம்பத்துக்குப் பின்னால யாரு உக்காரப் போறா?" என்று மெஹராஜ் கேட்டாள்.

அபுதாஹிர் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கரீம் பாட்சா கூடாரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். முதல் தடவையாக சர்க்கஸ் பார்க்க வந்த மனிதர், கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போவாரா என்ன?

"நான்தான் உக்காரணும் போல" என்றான் அபுதாஹிர்.

"உக்காருங்க மச்சான், நல்லா உக்காருங்க. நாளைக்கு தாதர்ல வண்டி. என் டிக்கெட்டு வாப்பா சட்டைப் பையில இருக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

இல்லாமல் எங்கே போகும்? கல்யாணமாகி தாராவிக்கு வந்த இரண்டு வருஷத்தில் மெஹராஜ் பார்த்த பம்பாய், முனிசிபாலிட்டி குழாயும் அபுதாஹிரின் தோல்பைப் பட்டறையும்தான். கேட்வே என்பான், சௌபாத்தி என்பான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவசர ஆர்டர் என்பான். தோல் வியாபார விஷயமாகச் சொந்த ஊரான பேட்டையிலிருந்து கரீம் பாட்சா வந்து இறங்கியதும் அவள் பொங்கிவிட்டாள். "ஒரே ஒரு நாளு, மூணு மணி நேரம், இந்த மனுசன் என் பக்கத்துல உக்காந்து என்னத்தையாவது பாக்கட்டும் வாப்பா. இல்லேன்னா உங்ககூட ரயிலேறிருவேன். திரும்பி வரமாட்டேன்!" கரீம் பாட்சா யார் பக்கமும் பேசவில்லை. பேசாமல் போய் இரண்டு ரயில் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார். அதுதான் அவர் வழக்கம்.

அதனால்தான் இந்த ஞாயிறு மத்தியானம், செம்பூர் மைதானத்தில், வருஷா வருஷம் நடக்கும் சர்வதேச சர்க்கஸ் விழா. பன்னிரண்டு நாட்டுக் கலைஞர்களின் போட்டி என்று வாசலில் கொடிகள் பறந்தன.

அன்று காலையிலும் பட்டறையில் வேலைதான். நாற்பது கைப்பைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டு, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல், தம்பியின் தொளதொள பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தான் அபுதாஹிர். அவனுடைய நல்ல பேண்ட் சலவையில். போதாக்குறைக்கு ஜலதோஷம் வேறு.

"ரெண்டு பேரும் இங்கேயே இருங்க" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூணு பேருக்கும் சேந்தாப்புல நான் இடம் பிடிச்சிட்டு வாரேன்."

"இங்கேயா? எப்படி?"

"குர்லாவுல ஓடுத வண்டியில துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆளு நான். இது நிக்கிற நாக்காலிதானே!"

வளையத்தை ஒட்டி, பட்டுக் கயிறு கட்டிய இடத்தில், சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் மூன்று காலியாக இருந்தன. அல்லாஹ் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறான் என்று அபுதாஹிருக்குத் தோன்றியது. கயிற்றுக்கு வெளியே நின்றபடியே துண்டை வீசினான். துண்டு விரிந்து இரண்டு நாற்காலியின் மேல் விழுந்தது. மூன்றாவதின் மேல் ஏற்கெனவே ஒரு கறுப்புக் கோட்டும், வெண்கல மணியும், எழுதும் அட்டையும் கிடந்தன. எவனோ கோட்டைப் போட்டு இடம் பிடித்திருக்கிறான்! துண்டு போடலாம், கர்ச்சீப் போடலாம், கோட்டையா போடுவது? பணத்திமிர்தான். அபுதாஹிர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், கோட்டை நோகாமல் கீழே வைத்துவிடலாம் என்று கையில் எடுத்தான்.

"நம்பர் த்ரீ!" என்று யாரோ அலறினார்கள்.

சட்டையில் பெரிய ரிப்பன் பூ குத்திய வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். விழாக் கமிட்டிக்காரர், பெயர் அனந்தகிருஷ்ணன், மாட்டுங்காவாசி. இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். அதில் அபுதாஹிருக்குப் பிடிபட்டது 'நம்பர் த்ரீ', 'பிளேன் லேட்', 'ஜட்ஜ்' என்ற மூன்றுதான். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் துண்டு போட்ட குட்டு உடைந்துவிடும் என்று பயந்து, அபுதாஹிர் பல்லைக் காட்டித் தலையை ஆட்டினான்.

அனந்தகிருஷ்ணன் அவனுடைய தொளதொள பேண்ட்டை மேலும் கீழும் பார்த்தார். "வெரி குட்! வெரி குட்!" என்றார்.

பரவாயில்லையே, தம்பி நல்ல துணிதான் எடுத்திருக்கிறான் என்று அபுதாஹிர் நினைத்துக்கொண்டான். அதற்குள் கோட்டு அவன் தோளில் ஏறிவிட்டது. நெஞ்சில் மூன்றாம் நம்பர் வில்லை குத்தியாயிற்று. கையில் அட்டை, பென்சில், மணி. தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அனந்தகிருஷ்ணன் ஓடிப்போனார்.

அபுதாஹிர் கோட்டைத் தடவிப் பார்த்தான். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதற்காக ஒரு தடவை கோர்ட்டுக்குப் போனபோது இதே மாதிரி கோட்டைப் பார்த்திருக்கிறான்.

"அட பாவி மக்கா! என்னைய ஜட்ஜுன்னு நினைச்சிட்டானுவளே!"

பேண்டு வாத்தியம் முழங்கியது. எதிர்ப்பக்கக் காலரியில், வளையத்துக்கு அந்தப் பக்கம், மெஹராஜும் மாமனாரும் தெரிந்தார்கள். கம்பத்துக்குப் பின்னால் அவனுடைய இடம் காலி. அபுதாஹிர் எழுந்து நின்று, 'அங்கேயே இரு, இப்ப வாரேன்' என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினான். கோட்டுக் கை நீளமாக இருந்ததால் விரல் வெளியே வரவில்லை, கோட்டு மட்டும் ஆடியது. கூட்டம் குபீரென்று சிரித்தது.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒன்றுமில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

முதலில் ஒரு மங்கோலியப் பெண் வந்து, உடம்பை வில்லாக வளைத்துத் தன் காலுக்கு நடுவே தலையை நீட்டிச் சிரித்தாள். அவள் போட்டிருந்தது கொஞ்சம் துணிதான். அபுதாஹிருக்கு எதிரே மெஹராஜ்! அவசரமாகக் கோட்டைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டான். ஜட்ஜ் பார்க்காமல் மார்க்குப் போடுவது எப்படி என்ற கவலையும் வந்தது. கோட்டின் பொத்தான் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கூடாரமே அதிர்ந்தது.

மார்க்குப் போடுவதில் அவன் தாராளம். அட்டையில் முப்பத்தைந்து என்று எழுதினான். ஏழு கடல் தாண்டி வந்த பெண்ணை ஃபெயில் ஆக்குவானேன்? வளையத்தின் ஓரத்தில் மேசை போட்டு ஐந்து பேர் உட்கார்ந்து எண் எழுதிய அட்டைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஜட்ஜுக்கு எடுபிடி கிளார்க்குகளாக இருக்கும் என்று முடிவு செய்தான்.

அடுத்தது, தட்டு சுழற்றும் ஒருவர். பத்துக் குச்சியில் பத்துத் தட்டு சுற்றியபோது அபுதாஹிருக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் கையிலிருந்த மணி கணீரென்று அடித்தது. தட்டுக்காரர் அப்படியே நின்று, 'என்ன தப்பு?' என்று கையை விரித்தார்.

'ஒண்ணுமில்ல, நீ நடத்து' என்று அபுதாஹிர் கையசைத்தான். மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டான். தட்டு மறுபடி சுற்றியது. மறுபடி தும்மல். மறுபடி மணி. தட்டுக்காரர் விறைப்பாக அவன் முன்னால் வந்து சல்யூட் அடித்துவிட்டு, சுழலும் ஒரு தட்டைக் குச்சியோடு அவன் கையில் கொடுத்துப் போய்விட்டார்.

இப்போது ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மணி, உள்ளே மூன்றாவது தும்மல். தும்மலை அடக்க அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முகம் போன போக்கைப் பார்த்துக் குழந்தைகள் பெஞ்சிலிருந்து உருண்டன. கடைசியில் தும்மல் ஜெயித்தது. தட்டு பறந்து போய் டிரம் அடிப்பவரின் தலையில் உட்கார்ந்தது.

அபுதாஹிர் நடுங்கிப்போய் மெஹராஜைப் பார்த்தான்.

மெஹராஜ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் கரீம் பாட்சா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அழுகிறாள்! கல்லுளிமங்கன் மாமனாரே அழுகிறார் என்றால், அவள் எவ்வளவு மனம் நொந்திருப்பாள்! பக்கத்தில் உட்கார் என்றாள், இவன் எதிரில் உட்கார்ந்து தட்டு சுற்றுகிறான். ரயில் டிக்கெட் உறுதி. அபுதாஹிருக்கும் கண் கலங்கியது. அவளில்லாத அந்தத் தாராவி அறையை நினைத்துப் பார்த்தான். ஆர்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

கயிற்றுக்கு அடியில் குனிந்து தவழ்ந்து நழுவப் பார்த்தான். கோட்டு வால் கயிற்றில் சிக்கி, ஒரு முழம் போய் இரண்டு முழம் பின்னால் வந்தான். ரிங் மாஸ்டர் வந்து அவனைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சல்யூட் அடித்தார்.

"ஜட்ஜுக்கு மரியாதை இருக்கு, விடுதலதான் இல்ல" என்று அபுதாஹிர் முனகினான்.

இனிமேல் நேர்வழிதான். எழுந்து, கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வளையத்துக்கு நடுவே ஓடினான். பாதி தூரம் போனபோது பத்து சைக்கிள்கள் உள்ளே நுழைந்து அவனைச் சுற்றத் தொடங்கின. முன்னே போனால் சைக்கிள், பின்னே வந்தால் சைக்கிள். மலை மாதிரி ஒரு சைக்கிள்காரர் போகிற போக்கில் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

சைக்கிள் மெஹராஜைத் தாண்டும்போது, "மெஹராஜ்! நான் வேணும்னு..." என்று கத்தினான். வண்டி போய்விட்டது. அடுத்த சுற்றில், "...பண்ணல புள்ள! துண்டு..." வண்டி போய்விட்டது. மூன்றாம் சுற்றில், "...போட்டது தப்புதான்!" என்று முடித்தான். வாத்திய இரைச்சலில் எதுவும் யார் காதிலும் விழவில்லை. மெஹராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாப்பாவின் மடியில் சாய்ந்திருந்தாள்.

"யா அல்லா, மயக்கமே போட்டுட்டாளே!" என்று அபுதாஹிர் கதறினான். சைக்கிள்காரர் அவனைப் பத்திரமாக அதே நாற்காலியில் இறக்கிவிட்டுப் போனார். எடுபிடி கிளார்க்குகள் ஐந்து பேரும் எழுந்து நின்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள்.

காட்சி முடிந்து எல்லாரும் எழுந்ததுதான் தாமதம், அபுதாஹிர் கோட்டோடு ஓட்டம் பிடித்தான். பின்னாலேயே அனந்தகிருஷ்ணன், "மிஸ்டர் த்ரீ! மிஸ்டர் த்ரீ!" என்று துரத்தினார். பொய் ஜட்ஜ் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்! அபுதாஹிர் கூட்டத்தில் புகுந்து, பெஞ்சுகளுக்கு மேலே ஏறி, மெஹராஜின் முன்னால் போய் விழுந்தான்.

"அழாத புள்ள! சத்தியமா உன் பக்கத்துல உக்காரத்தான் போனேன். என்னைய விட்டுட்டுப் போயிராத. நீ இல்லாம என்னால முடியாது!"

மெஹராஜ் அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். முந்தானையால் முதலில் தன் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவன் மூக்கைத் துடைத்தாள். முந்தானை சிவந்துவிட்டது.

"ரத்தமா?" என்று அபுதாஹிர் அலறினான்.

"சாயம் மச்சான். மூக்கு பூராவும் உங்க கைப்பைச் சாயம்."

கரீம் பாட்சா சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "மாப்ளே, இத நாளைக்குக் காலையில கேன்சல் பண்ணிரும். அவ வரமாட்டாளாம்."

அபுதாஹிருக்குத் தலை சுற்றியது. "நெசமாவா புள்ள?"

"இப்படிப்பட்ட மனுசன விட்டுட்டு எவளாவது போவாளா?" என்று மெஹராஜ் மறுபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அபுதாஹிர் மெல்ல நிமிர்ந்தான். ஓகோ! புருஷன் ஜட்ஜாக உட்கார்ந்த பெருமை! அதுதான் வாப்பாவும் மகளும் ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அவன் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"பின்ன என்ன? பன்னெண்டு நாடு! அத்தன பேருக்கும் நியாயமா மார்க்குப் போடணும். சாமானியப்பட்ட காரியமா? ஒருத்தரையும் நான் ஃபெயில் ஆக்கல, தெரியுமா?"

அதற்குள் அனந்தகிருஷ்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் பளபளவென்று ஒரு கோப்பை. அபுதாஹிர் சட்டென்று மெஹராஜின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"என்னைய விட்டுருங்க சார்! துண்டு போட்டது தப்புதான்!"

அனந்தகிருஷ்ணன் வாயைப் பிளந்தார்.

"அட ராமா, நீங்க தமிழா சார்? ப்ரைஸ் வாங்கிக்காம இப்படி ஓடறேளே... ஜட்ஜ் வேஷம் பிரமாதம், கோமாளிப் போட்டியில ஃபர்ஸ்ட் நீங்கதான்!"