தொடாத ரயில்

ஐந்து குழந்தைகள் வந்து போய்விட்டார்கள். ஷோபனாவின் தாளில் "தொட்ட நேரம்" என்ற கட்டம் மட்டும் ஐந்து வரியிலும் காலியாகக் கிடந்தது.

சிங்கவரம் பால்வாடியின் பின்னறையில் குழந்தையை உட்கார வைத்து, எதிரே சிவப்புக் கார் பொம்மையை வைத்து, "அக்கா வர்ற வரைக்கும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். ஆசையை எத்தனை நிமிடம் அடக்குகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. மூன்றாவது நிமிடத்தில் கை நீளும் என்கிறது புத்தகம். இங்கே இருபது நிமிடமாகியும் ஒரு விரல்கூட அசையவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் தாளைக் காட்டாவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப் போகும். போனில் தினமும் "முடிஞ்சிச்சா?" என்று கேட்கும் நைனாவுக்கு என்ன பதில் சொல்வாள்?

"இன்னாக்கா, உங்க பசங்க இவ்ளோ அடக்கமா?"

"எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நீ டென்ஷன் ஆவாதம்மா," என்றார் பால்வாடி டீச்சர் மீனம்பாள். தொண்டூரில் ஷோபனாவின் எதிர்வீட்டுக்காரர் அவர்.

அதட்டி வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஷோபனா. அதட்டலை மீறும்படி ஆசை காட்டினால் போயிற்று.

ஆறாவதாக வந்தவள் நிலா, நாலு வயது. அவளுக்குக் காரை எடுத்துவிட்டு விளக்கு எரியும் ரயிலை வைத்தாள். நிலா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஷோபனா ரயிலை ஓட விட்டாள். அது நேரே நிலாவின் காலடிக்குப் போனது. அவள் காலை மடக்கி வழி விட்டாள்.

ஷோபனா விதியையே கைவிட்டாள். "தொட்டுக்கோ கண்ணு, அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நிலா சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசி முயற்சியாக ஷோபனாவே தரையில் உட்கார்ந்து தண்டவாளத்தை மாட்டினாள். வளைவில் ரயில் கவிழாமல் திரும்பி விசில் அடித்தது. இன்னொரு சுற்று விட்டாள். பிறகு டிபன் டப்பாவை வைத்துப் பாலம் கட்டினாள். நிமிர்ந்தபோது அரை மணி போயிருந்தது. வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் மனம் வரவில்லை.

"ஒனக்கு ஆசையே இல்லியாடி?"

"இருக்குது."

"அப்ப ஏன் தொடல?"

நிலா வாசலில் நின்ற மீனம்பாளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சின்ன வயசுல ஒனக்கு யாருமே பொம்ம வாங்கித் தரலியாம், இப்பதான் வெச்சிக்கினு வெளையாடுறியாம். யாரும் புடுங்கி அழ வெக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."