ராஜா படம் ஒட்டின ரத்தப் பை

ஒரு காட்டுல ஒரு ரத்த வங்கி இருந்துச்சு. அங்க யானை ரத்தம் எலிக்கும் சேரும். எப்படின்னு சண்டைக்கு வராதீங்க. நரி பேசுறதை மட்டும் நம்பப் போறீங்கல்ல, இதையும் நம்புங்க.

வங்கிக்குப் பொறுப்பு அட்டைப்பூச்சி டாக்டர் மங்களேஸ்வரி. ரத்தத்தைப் பத்தி அந்தம்மாவுக்குத் தெரியாதது எதுவும் இல்ல. குடும்பத் தொழில்.

சிங்கராஜா பொறந்தநாள் வந்துச்சு. அந்தக் காட்டு வழக்கப்படி முந்தின வாரமே எல்லாரும் ராஜா மூஞ்சியை நெஞ்சுல பச்சை குத்திக்கணும். பொறந்தநாள் அன்னிக்கு ரத்ததானம். பச்சை குத்துறவர் முள்ளம்பன்றி. உடம்பு பூரா முள்ளு இருந்தும், ராசியான முள்ளுன்னு ஒண்ணை வச்சே காடு மொத்தத்துக்கும் குத்துனார். கழுவ நேரம் இல்ல. பின்னாடி வரிசை தள்ளுது.

முகாம்ல விசுவாசிங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்து நின்னாங்க. டாக்டர் பார்த்துட்டு, புதுசா பச்சை குத்துனவங்க ஒரு வருஷத்துக்கு ரத்தம் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.

முகாம் பொறுப்பாளர் நரி தளவாய்க்கு மூக்கு மேல கோவம். "அப்ப எங்க ராஜா மூஞ்சி நோயாம்மா?"

"மூஞ்சி இல்லண்ணே, முள்ளு. ஒருத்தரோட காமாலை அத்தனை பேருக்கும் போயிருக்கும்."

"அதான் டெஸ்ட் பண்றீங்கல்ல?"

"புதுசா ஒட்டுன கிருமி டெஸ்ட்ல உடனே தெரியாது. அதனாலதான் ஊசி போடுறதுக்கு முன்னாடி வாயால கேக்குறோம்."

தளவாய் கூட்டத்துப் பக்கம் திரும்பி, ராஜாவைக் கிருமின்னு சொல்லிட்டாங்கன்னு ஒரே போடு போட்டார். கழுதைப்புலிங்க டாக்டரைச் சுத்தி நின்னு நாக்கால வாயைத் தடவிக்கிச்சுங்க. டாக்டர் சட்டுன்னு குரலை மாத்தி, இவ்வளவு உசந்த ரத்தத்தைச் சாதா ரத்தத்தோட வைக்கலாமா, பை மேல ராஜா படம் ஒட்டித் தனி ஃப்ரிட்ஜ்ல வைப்போம்னாங்க. ஒரே விசில். தளவாயே நின்னு, ஒண்ணு விடாம படம் ஒட்டுனார்.

பச்சை குத்தாம வந்தது முத்திருளாண்டிங்கிற கழுதை மட்டும்தான். ஏன்டா குத்தலைன்னு தளவாய் கேட்டார்.

"வருஷம் பூரா முதுகுல சுமக்குறேன் சாமி. நெஞ்சாவது காலியா இருக்கட்டுமே."

அவனைக் கடைசியில நிக்க வச்சாங்க. ரத்தம் குடுத்ததும் தர்ற பிஸ்கட்டும் கிடையாதுன்னுட்டாங்க. டாக்டர் அவன்கிட்ட எல்லாக் கேள்வியும் கேட்டு, ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணி, படம் இல்லாத பையா சாதா ஃப்ரிட்ஜ்ல வச்சாங்க.

சாயங்காலம் ராஜா மேடை ஏறுறப்ப, அவரோட கட்-அவுட் அவர் மேலயே சாஞ்சுது. ரத்தம் ஆறா ஓடுது, உடனே ஏத்தலைன்னா ஆள் காலி. தளவாய் படம் ஒட்டின பைங்களை அள்ளிட்டு வந்து, மாலை போட்டு நீட்டுனார். வேண்டாம்னா டாக்டரைக் கூட்டம் கடிச்சுடும். சும்மா இருந்தா ராஜாவுக்குக் காமாலை.

ராஜா ஒரு கண்ணைத் திறந்து டாக்டரைக் கிட்ட கூப்பிட்டார். "உங்க பிள்ளையா இருந்தா எதை ஏத்துவீங்க?"

"கழுதையோடதை."

ராஜா மைக்கைக் கேட்டார். தான் ஏழைப்பங்காளன்னும், விசுவாசிங்க சிந்துன ரத்தத்தைத் தனக்குன்னு எடுத்துக்க மனசு வரலைன்னும், ஒரு சாதாரணக் கழுதையோட ரத்தமே போதும்னும் பேசுனார். காடே அழுதுச்சு. தளவாய் உருண்டு அழுதார்.

ராஜா பொழச்சார். படம் ஒட்டின பைங்களைச் சத்தமில்லாம எரிக்கச் சொல்லிட்டு, மணிமண்டபத்துல வச்சிருக்கோம்னு அறிவிச்சார். பச்சை குத்துற வழக்கம் அடுத்த வருஷமும் உண்டு. முத்திருளாண்டி மேல மட்டும் ஒரு முள்ளும் படக் கூடாதுன்னு அரசாணை, வாசல்ல காவல். ராஜாவுக்கு அடுத்து எப்ப அடிபடும்னு யாருக்குத் தெரியும்?

பிஸ்கட்டா? அது விசுவாசிங்களுக்கு மட்டும்தான்.

நீதி: தலைவருக்காக ரத்தம் குடுக்கணும்னு நெஜமாவே ஆசை இருந்தா, அவர் மூஞ்சியை நெஞ்சுல குத்திக்காதீங்க. பிஸ்கட் வேணும்னா குத்திக்கோங்க.