சுரண்டி அண்ணனும் கெங்கவல்லி அம்மாவின் காலும்

நல்லது செய்யப் போய்ச் சேலம் ஜில்லாவிலேயே அதிகமாகத் திட்டு வாங்கியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு சுரண்டி அண்ணனுக்குத்தான். இரண்டாம், மூன்றாம் பரிசுக்கும் வேறு ஆள் கிடையாது. அவற்றையும் அவரே வாங்கிக்கொண்டு, கொடுப்பவரின் விரலிடுக்கைப் பார்த்து, "இது எத்தன நாளா இருக்குதுங்க?" என்று கேட்பார்.

அஸ்தம்பட்டியில் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பதினோரு வருஷம் நான் டோக்கன் எழுதினேன். அண்ணன் அங்கே லேப் டெக்னீஷியன், சொந்த ஊர் திருச்செங்கோடு. படர்தாமரை, சேற்றுப்புண், தேமல் என்று வருகிறவர்களின் தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பெயர் அப்படி வந்தது. வைத்தவள் நான்தான்.

வேலை கிளினிக்கோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலு கண்ணாடித் துண்டு இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மொய்க்கவரை நீட்டிய கையோடு மாப்பிள்ளையின் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, காலரக் கொஞ்சம் தளத்துங்க. வட்டமா ஓரம் தடிச்சிருக்குது பாருங்க. படைங்க இது!"

மைக்குக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். பெண் வீட்டார் முகம் கறுத்தது. மாப்பிள்ளையின் மாமா அண்ணனைத் தோளோடு அணைத்தபடி சமையற்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே போயாவது சும்மா இருந்தாரா? தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன சமையல்காரர்களின் விரலிடுக்கைப் பார்த்துவிட்டார். பத்து நிமிஷத்தில் ஆறு பேரும் கையைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பந்திக்கு ரசம் வரவே இல்லை.

மெடிக்கல் ஷாப்காரர்களுக்கு அவர் எமன். கிளினிக்குக்கு எதிர்க் கடையில் போர் போடுகிற ரிக் வண்டி டிரைவர் ஒருவர், "அரிப்புக்கு அந்த ட்யூபு ஒண்ணு குடுங்க" என்று கேட்டதும் அண்ணன் பாய்ந்துபோய்ப் பிடுங்கினார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்குதுங்க. அரிப்பு நிக்கும், செவப்பு போகும். பூஞ்ச மட்டும் உள்ளுக்குள்ள ஊடு கட்டிக் குடியிருக்கும்!"

"என்ற ஒடம்பு, என்ற அரிப்பு. நீ யாரய்யா?" என்று டிரைவர் அவர் சட்டையைப் பிடித்தார். பையிலிருந்த கண்ணாடியெல்லாம் நொறுங்கிப் போனது. அதற்குப் பிறகு அண்ணன் தலை தெரிந்தாலே அந்தக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

நாலு மாதம் கழித்து அதே டிரைவர் எங்களிடமே வந்தார். இடுப்பில் இருந்தது வயிறு, முதுகு என்று பரவிவிட்டது. ட்யூப் போட்டுப் போட்டு வட்டமெல்லாம் அழிந்து, இன்ன நோய் என்று தெரியாத கோலத்தில் இருந்தது. வீட்டில் ஒரே துண்டில் துடைத்துக்கொண்ட மனைவி, குழந்தைகள் எல்லோருக்கும் தொற்றியிருந்தது. அண்ணன் குத்திக்காட்டவே இல்லை. "ஊட்ல எல்லாரையும் ஒண்ணாக் கூட்டியாங்க சாமி. ஒருத்தர உட்டாலும் மறுபடி வந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் நான் எங்கே போனாலும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன். கெங்கவல்லி அம்மா வந்த நாளோடு அது நின்றது.

கெங்கவல்லி ஊர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிற அம்மா. எட்டு வருஷத்துக்கு முன்னால் வலது காலில் முள் குத்தியிருக்கிறது. அந்த இடத்தில் மருபோல ஒன்று முளைத்து, மெல்ல மெல்லக் கணுக்கால் வரை காலிஃபிளவர் மாதிரி பூத்துக் கிடந்தது. வேறொரு இடத்தில் பார்த்துவிட்டு, புற்றுநோய், முழங்காலோடு எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கூட மகன் வந்திருந்தார். அந்த அம்மாதான் பேசினார்.

"எடுக்கறதுன்னா எடுத்துக்கட்டும். அப்பறம் காட்டு வேலைக்கு எப்படிப் போறதுன்னுதான் தெரியல."

டாக்டரம்மா சதைத் துண்டு எடுத்து அனுப்புவதற்கு முன்னால், சுரண்டியும் பார்க்கச் சொன்னார். முதல் கண்ணாடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இல்லை. அண்ணன் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கறுப்பாகப் புள்ளி தெரிந்த இடங்களாகத் தேடித் தேடி மறுபடி சுரண்டினார். அரை மணி நேரம் ஆனது. பிறகு, "டாக்டரம்மா, வாங்க!" என்று ஒரு கத்தல்.

உருண்டை உருண்டையாகச் செம்புக் காசுகள் போல, நடுவே கோடு விழுந்த பூஞ்சை. புற்றுநோய் இல்லை. பின்னால் வந்த சதைப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரையிலேயே ஆறும், மாதக் கணக்காகும், ஆனால் கால் தங்கும் என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அண்ணன் மட்டும் லேப் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்ண்ணா, நல்ல சேதிதானே?"

"அம்மிணி, என்ற ஊட்டுக்காரிக்கு குதிகால்ல கறுப்பா ஒண்ணு வந்துச்சு. கால் ஆணின்னு நெனச்சேன். வாராவாரம் நாந்தான் பிளேடால சீவி உட்டேன். ஒரு வருசம். தொடையிடுக்குல கட்டி வந்தப்பறந்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அதுதான் புத்துநோய். எட்டு மாசத்துல போயிட்டா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஊராந் தோலெல்லாம் கண்ணாடியில வெச்சுப் பாத்தேன். அவ தோல மட்டும் வாசல்ல ஊதி உட்டேன்."

டோக்கன் நம்பரைக் கூப்பிடப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரை நான் வாயால் சொல்லவில்லை. அவர் மாறவில்லை. பஸ்ஸில், டீக்கடையில், கோயில் வரிசையில் முன்பின் தெரியாதவர்களின் காலைப் பார்த்துக் கேள்வி கேட்டார், திட்டு வாங்கினார். அந்த அம்மாவின் கால் ஆற ஒன்றரை வருஷம் ஆனது. தழும்பும் கறுப்பும் நின்றுவிட்டன. காலும் நின்றது.

போன வருஷம் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். நான்தான் கெங்கவல்லிக்குப் போன் செய்தேன். அந்த அம்மா அவ்வளவு தூரம் வருவார் என்று நினைக்கவில்லை. மூன்று பஸ் மாறித் திருச்செங்கோடு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் படியேறி உள்ளே வந்தார். தலைமாட்டில் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"எப்பப் போனாலும் குனிஞ்சு என் காலத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு" என்றார் என்னிடம். "மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பதினோரு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்த நானும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். நல்ல முகம்.