மோட்டாருக்குப் பத்திரிகை வைத்த கதை

மம்சாபுரம்

மாப்பிள்ளை விஜயபாண்டி அவர்களுக்கு, மாமனார் தங்கப்பாண்டியன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மாரீஸ்வரியும் சுகம். பருத்தி சுகமில்லை. பெங்களூரில் தாங்களும், எங்கள் மகள் சிவரஞ்சனியும், அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். இப்போதெல்லாம் போனைத் தொடவே பயமாயிருக்கிறது. நான் பெங்களூருக்குப் போட்டு, இங்கே யார் வீட்டு மாவு மில் ஓடுமோ, யார் கண்டது?

பொங்கல் லீவில் வந்தபோது, "காருக்குள்ள, வாஷிங் மெஷினுக்குள்ள இருக்கிற பெட்டிக்கெல்லாம் நான்தான் மாமா புரோகிராம் எழுதுறேன், உங்க கிணத்து மோட்டாருக்கு எழுத மாட்டேனா?" என்று தாங்கள்தான் ஆரம்பித்தீர்கள். நானா கேட்டேன்? பட்டாளத்தில் பனியில் நின்ற காலு, வரப்பில் நடந்து போய் சுவிட்ச் போடாதா? இருந்தாலும் மாப்பிள்ளை ஆசையாய்ச் செய்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன். மோட்டாரில் மாட்டும் பெட்டிக்குள் போட ஒரு சிம் கேட்டீர்கள். சிவரஞ்சனி எனக்குப் புதுப் போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்துவிட்டதால், சும்மா கிடந்த என் பழைய சிம்மையே எடுத்துக் கொடுத்தேன். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், மறுபடி கொடுத்தால் நிற்கும் என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "யாரு கால் பண்ணா ஓடணும் மாமா? நம்பிக்கையான ஆளுக நம்பர மட்டும் சொல்லுங்க" என்றும் கேட்டுவிட்டீர்கள்.

மாப்பிள்ளை, மம்சாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது? ஒருத்தரைச் சேர்த்து ஒருத்தரை விட்டால், "அப்ப என்னைய நம்பலையா?" என்று நாளைக்கு வாசலில் வந்து நிற்பார்களே! அதனால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வரிசையிலேயே சொன்னேன். முதலில் குலதெய்வக் கோயில் பூசாரி, அடுத்து தாய்மாமன், மூன்றாவதாக, என் பெரியப்பா மகன் சமுத்திரம் அண்ணன். அவருக்கும் எனக்கும் வரப்புத் தென்னையை வெட்டினதிலிருந்து பேச்சில்லை. பேச்சில்லை என்பதற்காகப் பங்காளி பேரை விடலாமா? தாங்களும் "இம்புட்டுப் பேரா மாமா?" என்று வாயைப் பிளந்தீர்களே தவிர, நிறுத்தவில்லை.

விளைவைக் கேளுங்கள். கான்சாபுரத்து மச்சான் ஒரு நாளும் காசு கொடுத்துப் பேசினவர் இல்லை. பாதி ரிங்கில் வைத்துவிடுவார், நாம்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். தளவாய்புரத்துச் சித்திக்கோ, வீடு போய்ச் சேர்ந்தேன் என்பதற்கு ஒரு மிஸ்டு கால். புது நம்பரைச் சொன்னால் யாருக்கும் மனசில் நிற்கவில்லை, எல்லாருக்கும் பெட்டிக்குள் போன பழைய நம்பர்தான் மனப்பாடம். மச்சானுக்கு என்னோடு பேசணும்னா மோட்டார் ஓடுது. சித்தி பஸ்ஸை விட்டு இறங்கினா மோட்டார் நிக்குது. நான் பாட்டுக்கு வீட்டுல சோத்தத் தின்னுக்கிட்டு இருப்பேன், அங்க பருத்திக்குள்ள தண்ணி தளும்புது. தங்களைக் கேட்டால் என்ன சொன்னீர்கள்? "சாஃப்ட்வேர் சரியாத்தான் இருக்கு மாமா, டேட்டாதான் தப்பு." மாப்பிள்ளை, டேட்டா என்று தாங்கள் சொன்னது என் சொந்தபந்தத்தை!

அதுகூடப் போகட்டும். அந்தக் கிணறு எனக்கும் சமுத்திரம் அண்ணனுக்கும் பொது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. பேரு சமுத்திரம், அடிச்சுக்கிடுறது கிணத்துத் தண்ணிக்கு. செவ்வாய்க்கிழமை அவர் முறை. நடுத்தெருவில் நின்று கத்துகிறார்: "ஏலே தங்கப்பாண்டி, நம்ம பிள்ளைக்கு வளைகாப்புன்னு கேள்விப்பட்டு, போனாப் போவுதுன்னு நானே உனக்குப் போன் போட்டேன். எடுத்தியாலே? சரின்னு கிணத்தடிக்கு வந்தா, என் முறையன்னைக்கு உன் மோட்டார் ஓடுது! கேக்கலாம்னு மறுபடி போட்டா அப்பவும் எடுக்கல, என்னையப் பாத்ததும் மோட்டார நிப்பாட்டிட்ட! தண்ணிக் கள்ளன்!" ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வரைக்கும் போவாராம், வளைகாப்புக்கு வாசல்படி மிதிக்க மாட்டாராம். பட்டாளத்தில் மெடல் வாங்கின என்னை ஊரே கள்ளன் என்று பார்க்கிறது. உங்கள் அத்தை அழுதுகொண்டே இருக்கிறாள். சிவரஞ்சனியின் பெரியப்பா நிற்காத வளைகாப்பு என்ன வளைகாப்பு?

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன், மீட்டிங் எதுவானாலும் தள்ளிப்போட்டுவிட்டு வந்து, என் பேர் ஒன்றைத் தவிர அம்புட்டுப் பேரையும் அந்தப் பெட்டியிலிருந்து அழித்துவிடவும். முக்கியமாக சமுத்திரம் அண்ணன் பேரை.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், சிவரஞ்சனிக்குச் சுகப்பிரசவமும், தங்கள் கம்பெனிக்காரர்களுக்கு நல்ல சொந்தக்காரர்களும் அமைய வாழ்த்தும்,
தங்கப்பாண்டியன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சமுத்திரம் அண்ணன் வந்து, என்னை மோட்டார் ரூமுக்கு இழுத்துப் போனார். "இப்பப் போடுதேன், எடுக்கியா இல்லியா பாப்போம்" என்று போனைப் போட்டார். என் பாக்கெட்டில் சத்தமில்லை. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. மறுபடி போட்டார், நின்றது. "ஏலே, எம்பேரும் இதுல இருக்கா?" என்றார். "மூணாவதா இருக்குண்ணே" என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பொறவு ஆசை தீர ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்துவிட்டு, "எம்பேர மட்டும் எடுத்துப் பாரு, நான் செத்தாக்கூட வராத" என்று சொல்லிப் போனார். வளைகாப்புக்கு வருகிறார்.

வந்த வினை, டீக்கடையில் உட்கார்ந்து மூன்றாவது இடத்தைப் பெருமையடித்துவிட்டார். அது என் தங்கச்சி பரிபூரணம் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வீட்டிலேயே இருக்கிறவளுக்கு நம்பர் எதற்கென்று அவளை மட்டும் விட்டிருந்தேன். "மோட்டாருக்கே கூப்பிடாத அண்ணன் வீட்டுக்கு, வளையல் போட நான் எதுக்கு வாரேன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, ஒருத்தர் பேரையும் அழிக்காமல், பரிபூரணம் நம்பரை முதலாவதாகச் சேர்க்கவும். பூசாரியிடம் பேசிவிட்டேன், இடம் விட்டுக்கொடுக்கிறார். சமுத்திரம் அண்ணன் மட்டும் மூன்றிலிருந்து இறங்கக் கூடாது. பெட்டி அப்படியே இருக்கட்டும், அதன் பச்சை விளக்கும் எரியட்டும். மோட்டாருக்குப் போகும் ஒயரை மட்டும் வளைகாப்பு முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டு, நான் பழையபடி நடந்து போய் சுவிட்ச் போட்டுக்கொள்கிறேன்.