ஷெபாய்கன் சனிக்கிழமை விடுதலைப் போர்

விடுதலைப் போர்களில் பல வகை உண்டு. சில பீரங்கியால் நடந்தன. சில பட்டினி கிடந்து நடந்தன. விஸ்கான்சினில், ஷெபாய்கனுக்குச் சற்று மேற்கே, நார்பர்ட் என்ற சரித்திர ஆசிரியர் தொடங்கிய போர் முளைகட்டிய பார்லியால் நடந்தது.

எதிரி, அவர் மனைவி அர்லீனின் தம்பி டுவேன். டுவேன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு நல்ல சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவனோ அன்பு மயமானவன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காளையும் அத்திம்பேரையும் வீட்டுக்கு அழைத்து, சீட்டுக் கட்டைப் பிரித்து, இருட்டும்வரை ஆடவைத்து, நடுநடுவே தான் மான் சுட்ட கதையைச் சொல்வான். சுட்ட அன்று அந்த மானின் கொம்பில் எட்டுக் கிளைகள் இருந்தன. கதை வளர வளரக் கொம்பும் கிளைவிட்டது. இப்போது அதில் குருவிகள் கூடு கட்டலாம். மாமிசத்தில் பாதியை அக்காள் வீட்டு ஃப்ரீசருக்கே கொடுத்திருந்தான் என்பதால் கதையின் நடுவில் எழுந்து போவதும் நன்றிகெட்டதனம்.

நார்பர்ட் ஆழ்ந்து யோசித்தார். விஸ்கான்சினில் ஒரு மனைவி கணவனின் எந்த ஆசைக்கு வேண்டுமானாலும் குறுக்கே நிற்கலாம். பீருக்குக் குறுக்கே நின்றால் அவள் வம்சமே அவளைத் தள்ளிவைத்துவிடும். அதோடு பீர் காய்ச்சுவது அரை நாளில் முடிகிற வேலை இல்லை. ஆகவே அவர் வாங்கிவந்தார் அந்த யந்திரத்தை.

இடுப்பளவு உயரம். பளபளக்கும் எஃகு. பார்லியை ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்கவைப்பது, ஆறவைப்பது அத்தனையும் அந்த ஒரே பாத்திரத்துக்குள். அடியில் சூடேற்றும் தகடு, பக்கத்தில் சின்ன பம்பு, முன்னால் எண்கள் மின்னும் முகப்பு. சமையலறை நடுவில் நிறுத்தியபோது, யாரோ ஒரு ராக்கெட்டின் நடுத்துண்டை மட்டும் வாங்கி வந்ததுபோல இருந்தது.

“இது என்ன, பால் கறக்கிற மெஷினா?” என்றாள் அர்லீன்.

“பீர் காய்ச்சறது. இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் காய்ச்சப் போறேன்.”

“சனிக்கிழமைதான் டுவேன் வீடு இருக்கே.”

“எனக்கு மட்டும் வர ஆசையில்லையா? மத்த நாள்ல பள்ளிக்கூடம். ஞாயித்துக்கிழமை சர்ச். வேற நாளே இல்லையே, என்ன பண்றது?”

“தானா வேலை செய்யும்னு டப்பா மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பட்டனைத் தட்டிட்டு வந்துடேன்.”

“அது விளம்பரம், அர்லீன். பாபிலோன்காரன் காலத்துலேருந்து பீர் பக்கத்துல ஆள் இருந்தாகணும். சூடு கொஞ்சம் ஏறினா சர்க்கரைப்பாகு, கொஞ்சம் இறங்கினா வெறும் தண்ணி. கண்ணசந்தா பொங்கி ஊத்திடும்.”

“பாபிலோன்காரனுக்கும் ஒரு மச்சான் இருந்திருப்பான் போல.”

நார்பர்ட் டப்பாவைத் திருப்பி, கொட்டை எழுத்துப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்தார்.

“எங்க வெச்சுக் காய்ச்சப் போறே? என் அடுப்பங்கரையிலயா?”

“சேச்சே. கராஜ்ல.”

“கராஜ்லயா?” அர்லீன் ஒரு கணம் யந்திரத்தையே பார்த்தாள். “சரி. நீ இரு. நான் மட்டும் போயிட்டு வரேன்.”

இவ்வளவு சுலபமாக ஒரு ‘சரி’ வந்தால் சரித்திர ஆசிரியருக்கு உறைத்திருக்க வேண்டும். தட்டாமலே திறக்கிற கோட்டைக் கதவுக்குப் பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று வகுப்பில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவர் அவர். ஆனால் வாத்தியாருக்குப் பாடம் வகுப்பறையோடு சரி.

சனிக்கிழமை வந்தது. அர்லீன் காரை எடுத்துக்கொண்டு போனாள். நார்பர்ட் கராஜில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். புதுப் பாத்திரத்தில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கழுவு என்றது கையேடு. தண்ணீரை நிரப்பினார். சுவிட்சைப் போட்டார்.

டக்.

விளக்கு அணைந்தது. பம்பு நின்றது. சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டார். மறுபடியும் டக். மூன்றாம் முறை இன்னும் கோபமாக ஒரு டக். பிறகுதான் புரிந்தது. அந்தக் கராஜ் முழுவதற்கும் ஒரே லைன். அதில் ஏற்கெனவே மூலையில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. ஃப்ரீசரும் யந்திரமும் சேர்ந்து இழுத்தால் லைன் தாங்காது.

“செத்தும் என்னை விடமாட்டேங்குதே இந்த மான்!” என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டார்.

இப்படி ஃப்ரீசரை நிறுத்திவைக்கும் பீர்க்காரர்கள் செய்கிற ஒரு தந்திரம் உண்டு. கார் சாவியை ஃப்ரீசருக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவார்கள், பிளக்கும் ஞாபகத்துக்கு வந்துவிடும். நார்பர்ட் இதைப் படித்திருந்தார். படித்துச் சிரித்தும் இருந்தார். எங்கேயும் போகாமல் இருப்பதற்காகக் காய்ச்சுகிறவனுக்குச் சாவி எதற்கு?

அதற்குப் பிறகு நடந்தது பேரின்பம். உடைத்த பார்லியைக் கூடையில் கொட்டி வெந்நீரில் இறக்கினார். கட்டி கட்டியாக நின்றது. துடுப்பால் கிளறிக் கிளறிக் கட்டிகளை உடைத்தார். கராஜ் முழுக்கச் சூடான கஞ்சி வாசனை. பம்பு சன்னமாக முனகியபடி தண்ணீரை மேலே ஏற்றிப் பார்லிமேல் ஊற்றிக்கொண்டே இருந்தது. முகப்பு சூட்டைத் தானே பார்த்துக்கொண்டது. நார்பர்ட் செய்ய வேண்டிய வேலை எதுவுமே இல்லை. அதை மிகுந்த சிரத்தையோடு செய்தார். ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கால் நீட்டினார்.

கூடையைத் தூக்கி வடியவிட்டுக் கொதிக்கவைத்தபோது மட்டும் ஒரு சின்னக் கலவரம். ரோமில் காட்டுமிராண்டிகள் நுழைகிற இடம் சுவாரசியமாக இருந்ததால் கண்ணெடுக்கவில்லை. நுரை பாத்திரத்தைத் தாண்டி அவர் செருப்புக்குள் நுழைந்தது. துள்ளி எழுந்து, தண்ணீர் தெளித்து அடக்கி, கசப்புக்கு ஹாப்ஸ் பூக்களைப் போட்டு, குழாய்ச் சுருளால் ஆறவைத்து, வாளியில் பிடித்து, ஈஸ்ட்டைத் தூவி மூடினார். அன்று மாலை அவரளவு சந்தோஷமான மனிதர் அந்த மாவட்டத்தில் இல்லை. சந்தோஷத்தில் ஒன்றை மட்டும் மறந்தார்.

அது வாரத்தின் நடுவில் தெரியவந்தது. நார்பர்ட் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கையில் ரப்பர் உறையோடு கராஜ் வாசலில் வந்து நின்றாள் அர்லீன்.

“நார்பர்ட், ஃப்ரீசர் பிளக் தரையில கிடக்கு.”

கரண்டி சூப்புக்குள் மூழ்கியது.

“எப்போலேருந்து?”

“அதை நீதான் சொல்லணும்.”

“உள்ள இருந்ததெல்லாம்...?”

“உள்ள உருப்படியா ஒண்ணும் கிடையாது இப்போ.”

“இரு, நான் வந்து பார்க்கறேன்.”

“திறக்காதே!”

அந்தக் குரலைக் கேட்டு அவர் பாதி எழுந்தவர் மீதியும் உட்கார்ந்துவிட்டார். மூடிக்குக் கீழே இருக்கக்கூடிய காட்சியை அவர் கற்பனை உடனே வரைந்து, வண்ணமும் தீட்டி, வாசனையும் சேர்த்தது.

“டுவேன் கேட்டா என்ன சொல்லப் போறே?” என்றாள் அர்லீன்.

மான் கதைக்கு இனி இரண்டாம் பாகம் வந்துவிடும். காட்டில் ஒரு தடவை, கராஜில் ஒரு தடவை என்று இரண்டு முறை செத்த மான். இரண்டாவது தடவை கொன்றவர் அக்காள் புருஷன். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்வான். நார்பர்ட்டின் சாவிலேயே சொல்வான்.

“அவன்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா, அர்லீன்?”

“நானா எதுக்குச் சொல்றேன்? நான் தனியா போய் நின்னாத்தான், மாப்ளே எங்கே, என்ன பண்றான்னு தோண்டுவான். எனக்குத்தான் பொய் வராதே. நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தா அந்தப் பேச்சுக்கே இடமில்ல.”

“ஒவ்வொரு சனிக்கிழமையுமா?”

“மான் என்ன, ஒரு வாரத்துல மறந்து போற மானா?”

“அப்போ என் பீர்?”

“சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டனைத் தட்டு.”

“ஆள் பக்கத்துலயே...”

“அது பாபிலோன்ல. இது ஷெபாய்கன்.”

உடன்படிக்கை அங்கேயே முடிவானது. தோற்ற தேசங்கள் வழக்கமாக நிலத்தைக் கொடுக்கும். நார்பர்ட் சனிக்கிழமைகளைக் கொடுத்தார். அதற்கும் மேலே, ஃப்ரீசரைத் தானே கழுவித் தருவதாகச் சொன்னார். அர்லீன் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டாள்.

அதன்பின் நார்பர்ட் தவறாமல் டுவேன் வீட்டுக்குப் போனார். பேச்சு மான் பக்கம் திரும்பும்போதெல்லாம் அர்லீன் சட்டென்று சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பிப்பாள். நார்பர்ட் அவளை நன்றியோடு பார்ப்பார். இப்படி ஒரு மனைவி அமைய எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுகூட ஒரு சனிக்கிழமை நினைத்தார்.

பீர் பக்குவமாகிப் பாட்டில்களில் ஏறியதும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். டுவேன் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பொன் நிறம். மேலே கெட்டி நுரை. ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான்.

“மாப்ளே! இது கடை பீரையெல்லாம் தூக்கிச் சாப்பிடும்! நீயா பண்ணினே? அந்தக் கையாலயா?”

நார்பர்ட் அடக்கமாகத் தலையசைத்தார். போரில் தோற்றாலும் ஒரு களத்திலாவது வெற்றி. நெஞ்சு நிமிர்ந்தது. டுவேன் உள்ளே போய், பொரித்த சாசேஜ் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

“சாப்பிடு, மாப்ளே. உன்னோட பங்குதான். மிச்சத்தையும் இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடு. எங்க ஃப்ரீசர்ல கையை விட இடமில்ல.”

“என்னோட பங்கா?”

“உங்க வீட்டு மான் கறிதான். நீ முதல் தடவை காய்ச்சறதுக்கு முந்தின நாள், நீ பள்ளிக்கூடத்துல இருக்கிறப்போ, அக்கா அத்தனையையும் கொண்டாந்து இங்க அடைச்சுட்டாளே. ஃப்ரீசர்ல ஐஸ் மலை மாதிரி ஏறிக் கிடக்கு, கரைக்கணும்னு சொன்னா. யார் நிறுத்தப் போறான்னு கேட்டேன். கராஜ் லைன் ரெண்டையும் தாங்காது, பிளக்கை நார்பர்ட்டே பிடுங்கிடுவான்னா அக்கா. உன்கிட்ட சொல்லலியா?”

நார்பர்ட் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். இது கோபப்பட வேண்டிய கட்டம். பட்டால் எதற்கென்று டுவேன் கேட்பான். கேட்டால் பிளக்கை மறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். குரலைத் தொண்டைக்குள்ளேயே அமுக்கிக்கொண்டு கேட்டார்:

“அந்த ஃப்ரீசர் காலியாவா இருந்தது?”

அர்லீன் கையிலிருந்த சீட்டுகளை விசிறிபோல் விரித்து, நிதானமாக அடுக்கினாள்.

“கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டிருக்கியா நீ? திறக்காதேன்னதை மட்டும் ஏன் கேட்டே? சீட்டைப் போடு.”