தோணியைச் சாய்த்த எழுத்து

தூத்துக்குடி
8-2-1973

கர்த்தருக்குள் பிரியமான தம்பி செல்வதுரைக்கு அக்காள் தேவமணி எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே உன் அத்தானுடைய கோபம் தவிர மற்ற எல்லாம் சுகம். போன திங்கட்கிழமை காலை தோணித்துறையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், நம் தோணியை ஓட்டும் தண்டல் சிவனாண்டி, அவருக்கு அடுத்த ஆள் செந்தூர்பாண்டி, பெயிண்டர் வெள்ளத்துரை, மூட்டை தூக்க எட்டுப் பேர். இத்தனை பேரும் சாட்சி.

நீ மெட்ராஸ் அச்சாபீசிலிருந்து அனுப்பிய அச்செழுத்து மாதிரித் தாளில் பதினாறாவது எழுத்து வகையை நான்தான் ஜெபம்பண்ணித் தேர்ந்தெடுத்தேன். நல்ல தடியான எழுத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் கட்டை வைத்தாற்போல் பாதம், காற்றில் ஓடுகிற மாதிரி வலதுபக்கம் ஒரு சாய்வு. அதைப் பார்த்து வெள்ளத்துரை தோணியின் இரண்டு பக்கமும் அதன் பெயரைக் கிருபை என்று இங்கிலீஷில் ஆள் உயரத்துக்கு எழுதினான். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றும்போது கரையில் நின்ற சிவனாண்டி அண்ணாச்சி, "ஏலே, முன்பக்கம் முங்குது, எழுத்தப் பாருங்கலே! மூட்டையப் பின்னுக்குத் தள்ளுங்க!" என்றார். தள்ளினார்கள். தோணிக்கு மறுபக்கம், கடலில் சின்ன வள்ளத்தில் நின்ற செந்தூர்பாண்டி, "பின்பக்கம்லா முங்குது, முன்னுக்குக் கொண்டாங்க!" என்று கத்தினான். எழுத்து வலப்பக்கம் சாய்ந்தால் ஒரு பக்கம் பார்ப்பவனுக்கு முன்னாலும், மறுபக்கம் பார்ப்பவனுக்குப் பின்னாலும்தானே சாயும்? இதை நான் சொல்ல வாயெடுத்தால், "நீங்க சும்மா இருங்கம்மா, எழுத்து பொய் சொல்லுமா?" என்கிறார் அண்ணாச்சி. அறுபது மூட்டையும் ஏழு தடவை முன்னும் பின்னும் போய்வந்தன, கடைசியில் தோணி நிஜமாகவே மூக்கைத் தண்ணீரில் வைத்தது, உன் அத்தான் எல்லார் முன்னாலும், "ஏளா, ஒன் தம்பி எழுத்து அனுப்புனானா, எமன அனுப்புனானா?" என்று கேட்டார். சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைச் சரிபாதியாகப் போட்டுத்தான் தோணி கிளம்பிற்று. போகும்போது அண்ணாச்சி, "இந்த ஒரு நடைதான். திரும்பி வாரதுக்குள்ள எழுத்த நிமித்தலன்னா வேற தண்டல் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷத்துத் தண்டல், அவர் போனால் நம் தோணிக்கு நாதியில்லை. ஆகையால் பாதம் உள்ள, ஆனால் விறைப்பாக நிற்கிற எழுத்து ஒன்றை உடனே அனுப்பவும். உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் கண்ணின் மணிபோல் காப்பாராக.

அன்பு அக்காள்,
தேவமணி

பி.கு.: உன் விலாசச் சீட்டைத் தேடுவதற்குள் மூன்று வாரம் ஓடி, தோணியும் திரும்பிவிட்டது. அண்ணாச்சி வந்ததும் வராததுமாக, "எம்மா, அந்த எழுத்துல யாராவது கை வச்சா நான் எறங்கிருவேன்! கொழும்புத் துறையில வலப்பக்கம் பாத்தவன், நாம பாஞ்சு வாரோம்னு வழி விட்டான். இடப்பக்கம் பாத்தவன், பின்னுக்கு வந்து இடிச்சிருவோம்னு வழி விட்டான். மொத ஆளா சரக்க எறக்குனது நாமதான்!" என்கிறார். எனவே நிமிர்ந்த எழுத்து வேண்டாம். உன் அத்தான் இன்னும் கொஞ்சம் சாய்ந்ததாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். சீக்கிரம் பதில் எழுது.